கதை முடியுமுன் வரும் ஸ்டாப்

கதவக்காவை உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. பள்ளிக்கூட வேனின் கதவருகே நிற்கிற பெண்ணை யார் பார்க்கிறார்கள்? பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பார்கள், பிள்ளை பெற்றோரைப் பார்க்கும், பின்னால் நிற்கும் கார்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஹாரனை அமுக்குவார். பன்னிரண்டு வருஷமாக அவள் அந்தக் கதவில் தொங்காத குறையாக நிற்கிறாள். கதவு திறந்தால் அவள் முகம், மூடினால் அவள் கை. பிள்ளைகள் வைத்த பெயர்தான் கதவக்கா. வீட்டுக்காரர்கூட வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால் அப்படித்தான் கூப்பிடுவார்.

வேலை லேசுப்பட்டதல்ல. பதினேழு பிள்ளைகள். ஏறும்போது தலையை எண்ண வேண்டும், இறங்கும்போதும் எண்ண வேண்டும். எந்தப் பிள்ளையை யார் கையில் கொடுக்கலாம் என்று அட்டையில் செருகிய பட்டியல் ஒன்று உண்டு. அதில் இல்லாதவர் வந்து நின்றால், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பிள்ளை இறங்காது. தண்ணீர் பாட்டிலின் மூடி எந்தப் பையில், ஒற்றைச் செருப்பு எந்தச் சீட்டின் அடியில், வாந்தி வரப்போகிற முகம் எது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பிள்ளைகளை ஸ்டாப்பைச் சொல்லித்தான் கூப்பிடுவாள். மூணாவது ஸ்டாப், வளைவு வீட்டு இரட்டையர், பச்சை கேட், முதல் ஸ்டாப். பெயர் வருஷா வருஷம் மாறும், ஸ்டாப் அங்கேயேதான் இருக்கும் என்பது அவள் வாதம்.

இந்த வருஷம் வினை சாலையில் வந்தது. குழாய் பதிக்கிறேன் என்று தெருத் தெருவாகத் தோண்டிப் போட்டார்கள். இருபத்தைந்து நிமிஷத்தில் முடிகிற மாலைச் சவாரி ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனது. பசியோடும் தூக்கத்தோடும் இருக்கிற பதினேழு பிள்ளைகளை அவ்வளவு நேரம் ஒரு தகரப் பெட்டிக்குள் அடைத்து வைத்துப் பாருங்கள், தெரியும். ஒருத்தன் தலைமுடியை இழுப்பான், ஒருத்தி பென்சிலால் குத்துவாள், இரட்டையர் ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்வார்கள். கத்திக் கத்தி அக்காவுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

டிரைவர் முன்பு லாரி ஓட்டியவர். கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"இருபது வருஷம் சிமென்ட் மூட்டை ஏத்தியிருக்கேம்மா. ஒரு மூட்டைகூட பக்கத்து மூட்டையக் கடிச்சதில்ல."

ஒருநாள் வேனைப் பெருக்கும்போது சீட்டுக்கடியில் அட்டை கிழிந்த கதைப் புத்தகம் ஒன்று கிடைத்தது. யாருடையது என்று கேட்டதற்கு, நானில்லை நானில்லை என்று பதினேழு தலைகளும் ஆடின. அது ஒரு வாரம் டூல்ஸ் பெட்டிக்கு மேல் கிடந்தது. பிறகு ஒரு மாலை, மண்ணள்ளும் இயந்திரம் குறுக்கே நின்று வேன் நகராமல் போனபோது, இரட்டையரில் மூத்தவன் இளையவனின் காதைக் கவ்விவிட்டான். என்ன செய்வதென்று தெரியாமல், கைக்கு அகப்பட்ட அந்தப் புத்தகத்தை விரித்து, உரக்கப் படிக்க ஆரம்பித்தாள் அக்கா.

அவள் படிக்கிற அழகைச் சொல்ல வேண்டும். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள். போட்டவள் என்ன, போட வைத்தார்கள். எழுத்தின் அடியில் விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தள்ளிக்கொண்டுதான் அவளுக்குப் படிக்க வரும். 'விரலை எடு' என்று ஒரு டீச்சர் ஸ்கேலால் தட்டுவார். விரலை எடுத்தால் வரி ஓடிவிடும். 'இதுக்குப் படிப்பு ஏறாது' என்று அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குப் பிறகு அவள் படித்ததெல்லாம் பஸ் போர்டு, மாத்திரை அட்டை, கரன்ட் பில். அப்படிப்பட்டவள் ஆடுகிற வேனில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தைப் பிள்ளைகள் பக்கம் சாய்த்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். தூக்கத்தைத் தொலைத்துவிட்டு வீடு வீடாகத் தேடிப் போகிற ஒரு கரடியின் கதை. 'கரடி... கட்டிலுக்கு... அடியில்... பார்த்தது.'

அடுத்து நடந்ததை அவள் இன்றுவரை நம்ப முடியாதவள் மாதிரிதான் சொல்வாள். வேனில் இஞ்சின் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வேனின் இஞ்சின் சத்தத்தை அவள் கேட்டது அன்றுதான். நிமிர்ந்து பார்த்தால் பதினாறு வாய்கள் திறந்தபடி இருக்கின்றன. கவ்விய காதை விட மறந்து மூத்தவன் அப்படியே இருக்கிறான். இளையவனும் அதைக் கண்டுகொள்ளவில்லை. மிரட்டியும் கெஞ்சியும் மிட்டாய் கொடுத்தும் வாங்க முடியாத அமைதியை ஒரு கிழிந்த புத்தகம் வாங்கிக்கொடுத்துவிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"கொஞ்சம் சத்தமாப் படிம்மா," என்றார் டிரைவர். "கரடி அலமாரியத் தொறந்துச்சா இல்லையா?"

மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. பள்ளி நூலகத்து மேடம், அட்டை போன புத்தகங்களாகப் பார்த்து வாரத்துக்கு ஒன்று, இரண்டு பிரதியாகக் கொடுத்தார். முந்தின நாளே வீட்டில் உட்கார்ந்து அக்கா படித்துப் பார்த்துக்கொள்வாள். திக்கித் திணறிப் பாதி புத்தகம்தான் தேறும், மீதியை வேனில் வண்டி நிற்கிற நேரமாகப் பார்த்துச் சமாளிப்பாள். "என்ன, கலெக்டர் பரீட்சையா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். மரச்சாமானுக்கு பாலிஷ் போடுகிறவர், கையில் வார்னிஷ் வாசனையோடு எட்டிப் பார்ப்பார். கேலிதான், ஆனால் படிக்கிற நேரத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தது அவர்தான்.

இனி முதல் ஸ்டாப். ஏழு வயசுப் பெண். எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய இரண்டு சடை, பேச்சு எண்ணி எண்ணித்தான் வரும். பள்ளியிலிருந்து கிளம்பிய பதினோராவது நிமிஷம் அவள் வீடு வந்துவிடும். கரடி இரண்டாவது வீட்டுக் கதவைத் தட்டும்போது இவள் இறங்க வேண்டும். மற்றவர்களாவது பாதி, முக்கால் என்று கேட்பார்கள், கடைசி ஸ்டாப் இரட்டையர் முழுசாகக் கேட்பார்கள். இந்தப் பிள்ளை மட்டும் புத்தகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக இறங்கும். காலையில் கடைசியாக ஏறுகிறவளும் அவள்தான், அதனால் அப்போதும் விட்ட கதையைக் கேட்க நேரமிருக்காது.

அம்மா தையல்காரி. கழுத்தில் இஞ்ச் டேப்பும் புடவை முழுக்க நூலுமாக கேட்டுக்கு ஓடி வருவாள். ஒருநாள் மகளின் டைரியை அக்காவிடம் நீட்டினாள். சிவப்பு மையில் டீச்சர் எழுதியிருந்தார்.

"எழுத்துக் கூட்டவே வரலையாம்க்கா. இந்த டெர்ம் பரீட்சைக்குள்ள ஒரு பக்கமாச்சும் தானாப் படிக்கணுமாம். இல்லேன்னா அடுத்த வருஷமும் இதே கிளாஸ்தானாம்." டைரியைத் திரும்ப வாங்கி மூடினாள். "படிப்பு ஏறாதுன்னு சொல்றாங்க."

 அக்காவின் காதில் விழுந்தது அதே இரண்டு வார்த்தை. முப்பது வருஷமாகியும் இந்தப் படுபாவி வார்த்தைகள் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றனவா?

மறுநாள் இறங்கும்போது முதல் ஸ்டாப் நின்றது. "புக்கைக் குடுக்கிறீங்களா? நாளைக்குக் கொண்டு வந்துருவேன்."

இன்னொரு பிரதியைக் கொடுத்தாள். மறுநாள் காலை பத்திரமாகத் திரும்பி வந்தது. அன்று மாலையும் கேட்டது. இப்படியே மூன்று வாரம். பாவம், தைத்துக் களைத்த அம்மாவை உட்கார வைத்து மீதிக் கதையைப் படிக்கச் சொல்கிறது போலிருக்கிறது என்று அக்கா நினைத்தாள். ஊசியும் நூலுமாகக் கிடக்கிறவளுக்கு இது வேறா? முழுக் கதையையும் இங்கேயே கேட்டுவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதியாயிற்றே.

இரக்கம் வந்துவிட்டால் கதவக்காவைப் பிடித்து நிறுத்த முடியாது. பள்ளியின் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் அறைக்குப் போய் நின்றாள். மாலை ரூட்டைத் தலைகீழாக மாற்றச் சொன்னாள். வளைவு வீட்டில் தொடங்கி முதல் ஸ்டாப்பில் முடியட்டும், தோண்டின தெருவுக்கும் அதுதான் தோது என்று சாதித்தாள். டிரைவரும் ஆமாம் போட்டார். மேனேஜர் வரைபடத்தைப் பார்த்து, மோவாயைச் சொறிந்து, கடைசியில் பெற்றோருக்குப் புது நேர அட்டை அச்சடித்துக் கொடுத்தார். முதல் ஸ்டாப் இப்போது கடைசி ஸ்டாப். பெயரை மட்டும் மாற்றவில்லை.

பிள்ளை இப்போது கதையை ஆதியோடந்தமாகக் கேட்டது. மற்றவர்கள் இறங்கிய பிறகு ஒன்பது நிமிஷம் அவள் ஒருத்திக்காகவே அக்கா படித்தாள். கதை முடிந்ததும் முதல் ஸ்டாப் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு இறங்கிப் போய்விடும். நல்ல காரியம் செய்தோம் என்று அக்காவுக்கு ஒரே பூரிப்பு.

இரண்டு வாரம் கழித்துத் தையல்காரி கேட்டில் நிறுத்திக் கேட்டாள். "ஏன்க்கா, புக்கு குடுக்கிறதை நிறுத்திட்டீங்க? எதும் கிழிச்சுட்டாளா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. இங்கயே முழுக்கக் கேட்டுடுறாளே. நீங்க வேற வேலைய விட்டுட்டு உக்காந்து படிச்சுக் காட்டணுமேன்னுதான்..."

"நானா?" தையல்காரி சிரித்தாள். "எனக்கு மெஷினை விட்டு எந்திரிக்கவே நேரமில்ல. நான் ஒருநாளும் படிச்சுக் காட்டினதில்லையே. அவளேதான் படிப்பா."

"அவளேன்னா?"

"வெட்டுற மேஜைக்கு அடியில துண்டுத் துணியெல்லாம் கிடக்குமில்ல, அதுமேல உக்காந்து. உங்கள மாதிரியே விரலை வச்சு, ஒவ்வொண்ணா. மொத நாள் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம். எனக்குத் தைக்கவே ஓடல, அதையே பாத்துட்டிருந்தேன். ஏன்டி விரலை வைக்கிறன்னு கேட்டேன். 'கதவக்காவே அப்படித்தானே படிக்கிறாங்க, டீச்சர் மாதிரி வேகமாப் படிச்சாத்தான் படிப்புன்னு நெனச்சேன், மெதுவாவும் படிக்கலாமாம்'னு சொன்னுச்சு. இப்ப ரெண்டு வாரமா ஒண்ணும் தொடறதில்ல. நான் நீங்கதான் நிறுத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

 வேனில் ஏறிக் கதவைச் சாத்தியது அக்காவின் கை, மனசு கேட்டிலேயே நின்றுவிட்டது. முப்பது வருஷம் மறைத்து வைத்த விரல் அது. நாலு பேர் பார்க்கிறார்களே என்று பஸ் போர்டைக்கூட விரல் நீட்டாமல் படிக்கப் பழகியவள் அவள். அந்த விரலைப் பார்த்து, அந்த நத்தை வேகத்தைப் பார்த்து ஒரு குழந்தை தனக்கும் வரும் என்று உட்கார்ந்திருக்கிறது! பெரிய பெரிய படிப்பாளிகள் படித்துக் காட்டியிருந்தால் வந்திருக்காது. அவள் பெருமைப்படுவதா அழுவதா என்று தெரியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. ரூட் மாறியதிலிருந்து புத்தகம் கேட்டு நச்சரிப்பது யார்? இரட்டையர். முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் புத்தகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத இரட்டையர், இப்போது முதலில் இறங்குவதால், வேன் படியில் நின்று புத்தகத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். கதை யாருக்குப் பாதியில் அறுகிறதோ அவர்கள்தான் புத்தகத்தைக் கேட்கிறார்கள். நடுத்தெருவில் நிற்கிற கரடியை அப்படியே விட்டுவிட்டு எந்தப் பிள்ளைக்கும் சோறு இறங்குவதில்லை. பாவம் பார்க்கிறேன் பேர்வழி என்று ரூட்டை மாற்றி, தன் கையாலேயே அந்தப் பிள்ளையின் பசியைத் தீர்த்துத் தொலைத்திருக்கிறாள்.

மறுநாள் காலை மேனேஜர் முன்னால் மறுபடி போய் நின்றாள். "பழைய ரூட்டே இருக்கட்டும் சார்."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, வேன் என்ன உங்க வீட்டு ஊஞ்சலா? முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்ட? எல்லாருக்கும் அட்டை குடுத்தாச்சு. போய் வேலையப் பாருங்க."

சரி, கதையை வேன் அறுக்காவிட்டால் நாம்தான் அறுக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தாள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது.

அந்த வாரப் புத்தகம், சட்டை தைக்கப் போன ஒட்டகத்தின் கதை. தையல்காரக் கொக்கு ஏணி போட்டு அளவெடுக்கிறது. திங்கட்கிழமை, பதினாறாவது பிள்ளை இறங்கியதும் அக்கா படித்தாள். 'கொக்கு... முதுகை... அளந்தது. மறுபடியும்... அளந்தது. கத்திரிக்கோலைக்... கீழே... வைத்துவிட்டுச்... சொன்னது.' புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"என்ன சொன்னுச்சு?"

"அதுக்கு மேல நான் இன்னும் படிச்சுப் பாக்கல கண்ணு." பொய்யில்லை. அவள் தயார் செய்திருந்ததே அவ்வளவுதான்.

"இப்பப் படிங்க."

"மாட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையிடம் அவள் காரணமில்லாமல் சொன்ன முதல் 'மாட்டேன்' அது. நீட்டிய புத்தகத்தை முதல் ஸ்டாப் தள்ளிவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. இறங்கும்போது, "நீங்க ரொம்ப மோசம்," என்றது. செவ்வாய்க்கிழமை ஏறும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது, அன்று மாலை கதை கேட்காமல் காதைப் பொத்திக்கொண்டது.

"ஏம்மா பச்சப் புள்ளைய அழ வைக்கிற?" என்று டிரைவரே கடிந்துகொண்டார். "ரெண்டு பக்கம்தானே. படிச்சுத் தொலையேன்."

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் படித்துவிடுவோம் என்று பயம். அன்று வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருந்த கொஞ்ச ஆசையையும் நாமே கருக்கிவிட்டோமோ? ஸ்கேலால் தட்டிய அந்த டீச்சரும் நல்லது செய்கிறோம் என்றுதானே நினைத்திருப்பார்?

புதன்கிழமை. பதினாறு பேரும் இறங்கியாகிவிட்டது. அக்கா அதே வரியில் புத்தகத்தை மூடி, கையில் தொங்கவிட்டபடி, வெளியே பார்க்கிற மாதிரி நின்றாள். தோண்டிய மண் குவியலைத் தாண்டும்போது வேன் ஒருமுறை தூக்கிப் போட்டது. புத்தகம் கையிலிருந்து மெல்ல நழுவுவது தெரிந்தது. நழுவவில்லை, ஒரு சின்னக் கை இழுத்துக்கொண்டிருந்தது. அவள் திரும்பவில்லை. விரல்களை மட்டும் தளர்த்தினாள்.

"கொக்கு..." என்றது முதல் ஸ்டாப். விரல் எழுத்தின் அடியில் ஊர்ந்தது. "சொன்... சொன்னது. அய்யா... ஒட்... ஒட்டகத்தாரே." ஒரு சொல் தடுக்கியது. பின்வாங்கியது, மறுபடி முட்டியது, தாண்டியது. அடுத்த வரிக்குக் குரல் தணிந்தது. அதற்கடுத்த வரிக்குச் சத்தமே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தைத் திருப்பியது. பிறகு அந்த உதடும் நின்றுவிட்டது.

கதவக்கா இப்போது வெட்கமில்லாமல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தன் கண்ணால் பார்த்த அதிசயம் இது ஒன்றுதான் என்று என்னிடம் சொன்னாள், நான் அதை அப்படியே நம்புகிறேன். பிள்ளை சீட்டில் இருக்கிறது. ஆனால் வேனில் இல்லை. கண்மணி மட்டும் இடமிருந்து வலம் ஓடித் திரும்புகிறது. ஒரு சத்தமும் இல்லாமல், யாரும் ஊட்டாமல், கறுப்புக் கறுப்பாகக் கிடக்கிற புள்ளிகளிலிருந்து ஒரு ஒட்டகமும் கொக்கும் கிளம்பி நேரே அந்தத் தலைக்குள் நடந்து போகின்றன. வாசலில் நின்று யாரும் தடுக்க முடியாது, ஸ்கேலால் தட்ட முடியாது. அக்காவுக்குக் கண் கரித்தது. நமக்கும் இது நடந்திருக்க வேண்டியதுதானே என்று ஒரு கணம் நெஞ்சு வலித்தது, மறைப்பானேன்.

திடீரென்று பிள்ளை சிரித்தது. சின்னச் சிரிப்பில்லை. தையல்காரி மகள் அல்லவா, அளவெடுக்கிற விஷயம் தெரிந்த சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கால் இரண்டையும் சீட்டில் உதைத்து உதைத்துச் சிரித்தது.

"என்னடி? என்ன சொன்னுச்சாம்?" அக்காவுக்குத் தாங்கவில்லை. சத்தியமாக அவளுக்கும் தெரியாது.

முதல் ஸ்டாப் சிரிப்புக்கு நடுவே தலையை ஆட்டி மறுத்தது. வேன் நின்றது. கேட்டில் இஞ்ச் டேப் தெரிந்தது. பையை மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கத்திலேயே விரித்த புத்தகத்தை அக்காவின் கையில் வைத்தது. "நான் சொல்ல மாட்டேன். நீங்களே படிங்க." அம்மாவைப் பார்த்ததும் மறுபடி சிரிப்பு வந்து, அப்படியே ஓடிவிட்டது.

மேல் வகுப்புக்கு ஏறினாளா என்று கேட்பீர்கள். ஏறினாள், அதற்கென்ன, வருஷா வருஷம் எத்தனையோ பேர் ஏறுகிறார்கள். நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமை மிச்சத்தை.

பிள்ளைகள் எல்லாம் இறங்கிய பிறகு அக்கா எப்போதும் துடைப்பத்தை எடுப்பாள், ஷெட் போய்ச் சேருவதற்குள் வேன் சுத்தமாகிவிடும். அன்று எடுக்கவில்லை. முதல் ஸ்டாப் உட்கார்ந்திருந்த சீட்டில், சூடு ஆறாத இடத்தில், முழங்காலை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைக்கு யாருக்கும் படித்துக் காட்டுவதற்காக இல்லை. அவளுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கொக்கு என்னதான் சொல்லித் தொலைத்தது? விரலை வைத்தாள்.

ஷெட்டில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் இரண்டு தடவை கூப்பிட்டாராம். மூன்றாவது தடவை பக்கத்தில் வந்து தோளைத் தட்டியபோதுதான் அவள் நிமிர்ந்தாள். அவரை யார் என்று அடையாளம் கண்டுகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.